பதினோராம் கட்டம்

குடும்ப நீதிமன்றத்தின் படிவம் கேட்கிறது:
தாய், தந்தை இருப்பிடங்களுக்கு இடையே உள்ள தூரம்,
கிலோமீட்டரில்.
கட்டம் என் கட்டைவிரல் நகத்தளவு.

ஏதாவது ஒரு எண்ணைப் போடும்மா, என்கிறார் வக்கீல் மிமிக்கா.
நீதிபதி என்ன, சங்கிலி பிடித்து அளக்கவா போகிறார்?

நான் அளப்பவள்.
பதினாறு வருஷமாக இந்த ஓடுதளத்தில்
விமானங்களுக்கு எண்ணெய் நிரப்புகிறேன்.
எனக்குத் தூரம் என்பது எடை.
கணக்குத் தப்பினால் யாரோ ஒருவர்
கடலுக்கு மேலே வைத்து என்னை நினைக்க நேரும்.

பூந்தா அரேனாஸ், தெற்கே ஐம்பத்து மூன்று பாகை.
காற்று மிஞ்சும் நாட்களில் நடுத்தெருவில் கயிறு கட்டுவார்கள்,
அதைப் பிடித்துக்கொண்டு வங்கிக்குப் போவோம்.
ஹோபார்ட், தெற்கே நாற்பத்திரண்டு புள்ளி எட்டு.
அங்கே எவரிஸ்தோ
பனியுடைக்கும் கப்பலில் மெக்கானிக்.
அங்கே காற்று எப்படி என்று நான் கேட்டதில்லை.

இரவு ஷிஃப்ட் முடிந்து
மண்ணெண்ணெய் வாடை போகாத கையோடு
ரசீதின் பின்பக்கத்தில் போடுகிறேன்.
சைனைச் சைனால், கொசைனைக் கொசைனால்.
தெற்கு என்பதால் இரண்டு ஊருக்கும் மைனஸ்.
மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ்
என்று பள்ளியில் சொன்னபோதே நான் நம்பவில்லை.
இரண்டு குறைகள் சேர்ந்து ஒரு நிறையாகுமென்று
நானும் அவனும் ஏழு வருஷம் பரிசோதித்தோம்.

பிறகு தீர்க்கரேகைகளின் வித்தியாசம்.
நூற்று நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
சேர்த்து வைத்ததில் பாதிக்கு மேல் அது தின்றுவிடுகிறது.
மிச்சம், பூஜ்யம் புள்ளி ஒன்று ஒன்பது ஏழு.

இந்தச் சூத்திரத்தில்
ஒன்று என்றால் இருவரும் ஒரே இடத்தில்.
பூஜ்யம் என்றால் நடுவில் கால் பூமி.
மைனஸ் ஒன்று என்றால்
என் செருப்புக்கு நேர் கீழே அவன் செருப்பு,
அதற்குமேல் விலக உலகத்தில் இடமில்லை.

நாங்கள் ஒன்றில் இருந்தோம்.
தகரக் கூரை இரவெல்லாம் தடதடக்க,
ஒரே கம்பளிக்கு இழுபறியாய்,
புள்ளிக்குப் பின்னால் எதுவுமில்லாத ஒன்றில்.

விடை: எட்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து நான்கு.

சுவர்ப் படத்தைப் பார்த்தால்
பசிபிக்கைக் குறுக்கே தாண்டத் தோன்றும்.
அது நீளம்.
பூமி உருண்டை என்பதால் குறுக்குவழி
கீழே சரிந்து, எழுபத்து நான்காம் பாகை வரை போய்,
பனியின் விளிம்பை உரசிவிட்டு ஏறுகிறது.
அந்த வழியில் விமானம் இல்லை.
உள்ளதிலேயே கிட்டிய பாதையில் யாரும் போவதில்லை.

டிக்கெட்டில் வேறு கணக்கு.
தெற்கே இருப்பவனைப் பார்க்க முதலில் வடக்கே, சாந்தியாகோ.
அப்புறம் சிட்னி. அப்புறம் ஹோபார்ட்.
பதினாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.

லாஸரோவைக் கேட்டேன். ஒன்பது வயது,
போன ஜனவரியில் கழுத்தில் அட்டை மாட்டித் தனியாகப் போய் வந்தவன்.
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்:
அப்பா வீடு நாலு சாப்பாடு, மூணு படம், ஒரு வாந்தி.

திரும்பி வரும்போது?

கொஞ்சம் யோசித்தான்.
படம் பாக்கலம்மா.

அவன் கணக்குக்கு அந்தக் கட்டம் போதாது.
எட்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து நான்கு என்றே எழுதினேன்,
யாரும் பறக்காத தூரத்தை.
கை பழக்கம்,
பக்கத்திலேயே பொடி எழுத்தில் சேர்த்துவிட்டேன்:
இறங்க முடியாமல் போனால்
மேலேயே வட்டமடிக்க, அரைமணி நேர எண்ணெய் கூடுதலாக.

இது என்ன, அடித்துவிடு, என்றார் வக்கீல்.

அடித்தேன்.
ஒரே ஒரு கோடு, மெல்லிசாக,
படிக்க நினைப்பவர் படிக்கும்படி.